தோடையின் குலமும் தோலின் மணமும்

ஒரே தாவரச் சாதியைத் தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த இரு பேரறிஞருள் ஒருவர் அதில் 16 இனங்களே உண்டு என்றும், மற்றவர் 162 இனங்கள் உண்டு என்றும் கூறுவராயின், பிழை அறிஞரிடத்தில் உள்ளதா, அன்றித் தாவரத்திடத்தில் உள்ளதா என்று ஐயுறுதல் இயல்பே. தோடை, எலுமிச்சை, தேசி முதலியன அடங்கிய சித்திரசுச் சாதிக்கு நேர்ந்தது இதுவே. அமெரிக்கரான வால்ட்டர் சுவிங்கிள் 1943 இல் வெளியிட்ட பாகுபாட்டில் 16 இனங்களை மட்டும் ஏற்றுக்கொண்டார். யப்பானியரான தியோசபுரோ தனாக்கா 1954 இல் 145 இனங்களை வகுத்துப் பின்னர் அத்தொகையை 162 ஆக உயர்த்தினார். மந்தரின் எனப்படும் தளர்தோல் தோடைகளை மட்டும் எடுத்துக்கொண்டாற்கூட, சுவிங்கிள் மூன்று இனங்களுள் அடக்கியவற்றைத் தனாக்கா 36 இனங்களாகப் பிரித்தார். இருவரும் மரங்களை நேரிற் கண்டவர்கள். ஏட்டறிவை மாத்திரம் நம்பியவர்களல்லர். இலைக்காம்பின் சிறகு, பூவிதழின் நிறம், கனியின் சுளை, வித்தின் வடிவம் என்னும் அதே உறுப்புகளையே இருவரும் நோக்கினர். ஆயினும் ஒருவர் பொதுமையைக் கண்டார். மற்றவர் வேற்றுமையைக் கண்டார்.

இம்முரண்பாட்டிற்குரிய காரணத்தைச் சித்திரசு வித்தினுள்ளேயே காணலாம். இச்சாதியைச் சேர்ந்த மரங்கள் ஒன்றோடொன்று எளிதிற் கலக்கும் இயல்பின. பம்பளிமாசு மரத்தின் பூவில் மந்தரினின் மகரந்தம் விழுந்தால் வளமான வித்து உண்டாகும். பல தாவரங்களில் இத்தகைய கலப்புப் பிறவிகள் அடுத்த தலைமுறையிற் சிதறிப்போய்ப் பலவகை உருவங்களைக் காட்டித் தம் கலப்பைத் தாமே வெளிப்படுத்திவிடும். சித்திரசிலோ நிலைமை வேறு. இதன் வகைகள் பலவற்றில், வித்தினுள் மகரந்தச் சேர்க்கையால் உண்டாகும் முளையத்துடன், தாய் மரத்தின் சூல்வித்திழையத்திலிருந்தே நேரே தோன்றும் வேறு முளையங்களும் வளருகின்றன. பெரும்பாலும் இவையே முந்திக்கொண்டு முளைக்கின்றன. ஆகவே என்றோ ஒருநாள் தற்செயலாகத் தோன்றிய ஒரு கலப்பு மரம், பன்னூறு ஆண்டுகளாகத் தன்னையே மாற்றமின்றிப் பிரதிசெய்துகொண்டு வரக்கூடும். காண்போர்க்கு அது கலப்பாகத் தோன்றாது. தொன்றுதொட்டு வந்த தனி இனமாகவே தோன்றும்.

பழைய ஏட்டுச்சுவடிகளைப் பரிசோதித்துப் பதிப்பிப்போர் அறிந்த இடர்ப்பாடொன்றை இது நினைவூட்டுகின்றது. இரண்டு மூலப் பிரதிகளை அருகருகே வைத்து, இங்கொரு பாடமும் அங்கொரு பாடமுமாக எடுத்துப் புதியதோர் ஏட்டை ஒருவன் எழுதிவிட்டான் எனக் கொள்வோம். அவனுக்குப் பின் வந்தோர் அவ்வேட்டை எழுத்துப் பிசகாமற் படியெடுத்தனர். மூல ஏடுகள் அழிந்துபோயின. நூறு பிரதிகளும் தம்முள் ஒத்திருக்கின்றமையால் அதுவே தூய பாடம் எனப் பதிப்பாசிரியன் மயங்குதல் எளிது. சித்திரசின் வித்து, அத்தகைய நேர்மைமிக்க ஏடெழுதுவோனாகும். அதன் நேர்மையே ஆராய்ச்சியாளனை ஏமாற்றிற்று.

இனிப் பெயர்களைப்பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இல்லையேல் மேற்செல்லுதல் இயலாது. தமிழ்நாட்டில் எலுமிச்சை என்று வழங்குவது பெரும்பாலும் ஈழத்தவர் தேசிக்காய் என வழங்கும் சிறு புளிக்கனியையே. ஆங்கிலேயர் லெமன் என்னும் நீண்ட மஞ்சட்கனி வேறொன்று. இக்கட்டுரையில் எலுமிச்சை என்பது லெமனையும், தேசி என்பது அச்சிறு கனியையுமே குறிக்கும். தோடை என்பது இனிய தோடம்பழம். புளித்தோடை என்பது செவில் நகரின் பெயரால் மேலைநாட்டில் அறியப்படும் கசப்பும் புளிப்புமுடைய கனி. ஈழத்தில் ஜம்போலா எனப்படும் பெருங்கனியே பம்பளிமாசு. தடித்த தோலும் சிறிதளவே சாறுமுடைய சிட்ரன் என்பதை வடமொழிப் பெயரால் மாதுலுங்கம் எனக் கொள்ளலாம்.

பெயரைப்பற்றிப் பேசுமிடத்து, இத்துறைக்கும் தமிழுக்குமுள்ள ஓர் உறவையும் கூறாது விடுதல் தகாது. ஆங்கிலத்தின் 'ஒறேஞ்' என்னும் சொல் பிரெஞ்சு, இத்தாலியம், அரபு, பாரசீகம் என்னும் மொழிகளினூடாகப் பின்னோக்கிச் சென்று வடமொழியின் நாரங்கத்தை அடைகின்றது. அந்நாரங்கமோ திராவிட மொழிகளினின்றும் சென்றதாகலாம் என மொழிநூலார் பலர் கருதுவர். சங்கச் செய்யுள்களிற் பயிலும் நரந்தம் என்னும் சொல்லுக்கு நாரத்தை என்றும் நறுமணப்புல் என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன. ஒரு மரத்திற்கும் ஒரு புல்லுக்கும் ஒரே பெயர் அமைந்தமை வியப்பாகத் தோன்றலாம். மணத்தைக்கொண்டு பொருளுக்குப் பெயரிடுவோர்க்கு அது வியப்பன்று. இவ்விரட்டைப் பொருளுக்கு இக்கட்டுரை மீண்டும் திரும்பவேண்டியிருக்கும்.

உருவம் ஏமாற்றுமிடத்து வேறு சான்று தேடுதல் முறை. தாவரத்தின் உள்ளே உண்டாகும் இரசாயனப் பொருள்களை உறவறியும் சான்றாகக் கொள்ளலாம் என்னும் எண்ணம் புதியதன்று. சிட்னி நகரின் தொழினுட்ப அரும்பொருளகத்தைச் சேர்ந்த பேக்கர், சிமித் என்னும் இருவர் யூக்கலிப்டசு மரங்களின் எண்ணெய்களை ஆராய்ந்து 1902 இல் நூலொன்று வெளியிட்டனர். இலை நரம்பின் அமைப்பிற்கும் அவ்விலை தரும் எண்ணெயின் கூறுகளுக்கும் தொடர்புண்டு என்பது அவர்தம் கருத்து. ஆயினும் அக்காலத்தில் எண்ணெயைக் கூறுகூறாகப் பிரித்தறிதல் பெரும்பாடாக இருந்தது. பெருமளவு எண்ணெயை வடித்துப் பலமுறை காய்ச்சிப் பிரித்தாலன்றி ஒரு கூறைத் தெளிவாகக் காணல் இயலாது. 1952 இல் ஜேம்சு, மாட்டின் என்னும் இருவர் வாயு நிறப்பதிவியல் முறையைப் பயன்படுத்திக் காட்டியதன் பின்னரே நிலைமை மாறிற்று. ஒரு துளியினும் குறைந்த எண்ணெயைச் சூடேற்றி ஆவியாக்கி, நீண்ட குழாயொன்றினூடே செலுத்தினால், ஒவ்வொரு கூறும் தன் தன் இயல்பிற்கேற்ப முன்னும் பின்னுமாக வெளிவரும். தாளில் அவை சிகரங்களாகப் பதிவாகும். ஒரு கனியின் மணம் ஒரு மலைத்தொடரின் கோடாக மாறிக் கண்ணுக்குப் புலனாயிற்று.

தோடையின் தோலை மடித்துப் பிதுக்கினாற் சிதறும் நுண்டுளிகள், மேற்றோலிற் செறிந்துள்ள சுரப்பிப் பைகளினின்றும் வெளிப்படுவன. அவ்வெண்ணெயிற் பெரும்பகுதி இலிமோனீன் என்னும் தேப்பீன் சேர்வையாகும். தோடைத் தோலெண்ணெயில் ஏறத்தாழ 95 சதவீதம் அதுவே. புளித்தோடை, கிரேப்புரூட் ஆகியவற்றிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட பங்கு அதற்குண்டு. இங்கேதான் மணத்தாற் குலமறிய முயன்றோர் முதற் பாடத்தைக் கற்றனர். அளவில் மிகுந்த கூறு உறவைப்பற்றி அதிகம் பேசுவதில்லை; ஏனெனில் அது எல்லார்க்கும் பொது. எஞ்சிய சில சதவீதத்துள் ஒளிந்துநிற்பனவே ஒரு கனியை மற்றதினின்றும் வேறுபடுத்துகின்றன. ஏடுகளிலும் எல்லாப் பிரதியிலும் ஒத்துள்ள வரிகளாற் பயனில்லை. வேறுபடும் சிற்சில இடங்களே கால்வழியைக் காட்டும்.

அவ்வாறு நோக்குமிடத்து மூன்று கனிகள் தனித்தனி முகங்காட்டி நிற்கக் காணலாம். மந்தரினின் எண்ணெயில் தைமோலும், மெதயில் என்-மெதயிலந்திரனிலேற்று என்னும் நீண்ட பெயருடைய எசுத்தரும் உள. இவற்றின் அளவு மிகச் சிறிது. ஆயினும் மந்தரினை நுகர்ந்தோர் பிறிதொன்றாக மயங்காமைக்கு இவையே காரணம். மாதுலுங்கத்தில் இலிமோனீனின் ஆட்சி குறைந்து, காமா-தேப்பினீனும், எலுமிச்சை மணத்திற்கு உயிரான சித்திராலும் மிகுகின்றன. பம்பளிமாசு நூற்கற்றோன் என்னும் சேர்வையை உடையது. கிரேப்புரூட்டிற்குரிய தனி மணத்திலும் அதற்குப் பங்குண்டு. இடையில் ஒரு குறிப்பு: இரசாயனவியலார் 'அரோமாற்றிக்கு' என்று பெயரிட்ட வளையச் சேர்வைகளும் மூக்கறியும் நறுமணப் பொருள்களும் ஒன்றல்ல. இலிமோனீன் நறுமணமுடையது, ஆனால் இரசாயனவியலார் வகுத்த அப்பிரிவைச் சேர்ந்ததன்று. தைமோல் இரு பொருளிலும் அப்பெயர்க்கு உரியது. நறுமணத்தைக் கண்டு வைத்த பெயர், பின்னர் மணத்தைக் கைவிட்டு அமைப்பைப் பற்றிக்கொண்டது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் றிவர்சைட் வளாகத்தில், 1910 இல் தொடங்கப்பெற்ற சித்திரசு மரத் தொகுதியொன்று உண்டு. உலகின் பல பாகங்களிலிருந்தும் கொணர்ந்த வகைகள் ஒரே மண்ணில், ஒரே வெயிலில் வளரும் இத்தகைய இடம், மணத்தை ஒப்பிடுவோனுக்குக் கிடைத்தற்கரிய வாய்ப்பாகும். அவ்வளாகத்திற் பணியாற்றிய றெய்னர் ஸ்கோரா, எண்ணெய்க் கூறுகளையும் பிற இரசாயனச் சான்றுகளையும் கொண்டு இச்சாதியின் தோற்றத்தை ஆராய்ந்தார். பயிரிடப்படும் சித்திரசுகளுக்கு அடிப்படையான மெய்யினங்கள் மாதுலுங்கம், பம்பளிமாசு, மந்தரின் ஆகிய மூன்றே என்றும், ஏனைய புகழ்பெற்ற கனிகள் யாவும் கலப்பால் வந்தவை என்றும் 1975 இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் வாதித்தார். மறு ஆண்டிலேயே பரெற்று, றோட்சு என்னும் இருவர், இலை, பூ, கனி முதலியவற்றின் பண்புகள் பலவற்றை எண்களாக்கிக் கணித்து ஏறத்தாழ அதே முடிவை அடைந்தனர். 162 எங்கே, 16 எங்கே, மூன்று எங்கே! தனாக்காவும் சுவிங்கிளும் தொகையில் மாறுபட்டனரேயன்றி, தோடையையும் எலுமிச்சையையும் தனியினங்களாகக் கொண்டதில் ஒன்றுபட்டேயிருந்தனர். அவ்விருவரும் ஒத்திருந்த அவ்விடத்திலேயே பிழை இருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

இவ்வெற்றியைக் கண்டு மணச்சான்றை மிகையாக மதித்தலும் ஆகாது. அதன் குறைகள் அதன் பெருமையளவு சுவையானவை. நூற்கற்றோன் என்னும் பெயர் சித்திரசு மரத்தால் வந்ததன்று. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வளரும் நூற்கா எனப்படும் ஊசியிலை மரத்தின் கட்டையிற் கண்டதனாலேயே அதற்கு அப்பெயர் வந்தது. அம்மரத்திற்கும் பம்பளிமாசுக்கும் உறவென்று கூறத் துணிவார் எவருமிலர். அவ்வாறே சித்திரால் எலுமிச்சம்புல்லின் எண்ணெயிற் பெரும்பகுதியாக உள்ளது. மாதுலுங்கத்தினும் பன்மடங்கு மிகுதியாக உள்ளது. நரந்தம் என்னும் ஒரே சொல்லாற் புல்லையும் நாரத்தையையும் சுட்டிய பண்டைத் தமிழரின் மூக்கு தவறு செய்யவில்லை. அது மணத்திற்குப் பெயரிட்டது, குலத்திற்கன்று. தேப்பீன்களை ஆக்கும் நொதியங்கள் தம்முள் நெருங்கிய அமைப்புடையன. ஒரே தொடக்கப் பொருளினின்றும் ஒரு நொதியம் இலிமோனீனையும், சிறிதே மாறிய பிறிதொன்று வேறு சேர்வையையும் ஆக்கவல்லன. எனவே தொடர்பற்ற குடும்பங்களில் ஒரே மணம் தனித்தனியே தோன்றுதல் அரிதன்று. மணத்தாற் குலமறிதல், நெருங்கிய உறவினர் என்று முன்னரே தெரிந்தோரிடையில்தான் நம்பத்தக்கது.

அன்றியும், மணம் மரம் முழுவதற்கும் ஒன்றாக இருப்பதில்லை. காய் பழுக்கும் பருவம், மண், தட்பவெப்பம் என்பவற்றால் அது மாறும். உறுப்பிற்கு உறுப்பும் மாறும். புளித்தோடை மரம் வாசனைத் திரவியஞ் செய்வோர்க்கு மூன்று வேறு எண்ணெய்களைத் தருகின்றது. தோலினின்றும் பெறுவதிற் பெரும்பகுதி இலிமோனீன். இலையினின்றும் சிறுகிளையினின்றும் வடிப்பதில் இலினலயில் அசற்றேற்று மிகுந்து, தோலெண்ணெயோடு எவ்வுறவுமற்றதுபோலத் தோன்றும். பூவினின்றும் பெறுவது நெறோலி என்னும் விலையுயர்ந்த தைலம். மூன்று புட்டிகளையும் பெயரின்றி வைத்தால், ஒரே மரத்தின் பொருள்கள் இவை என்று இரசாயனப் பதிவை மாத்திரம் நோக்குவோன் கூறுவானா என்பது ஐயமே.

ஆனால் இதே இடர்ப்பாடு ஓரிடத்தில் அழகியதொரு வெளிப்பாடாக மாறுகின்றது. இத்தாலியின் கலாபிரியாப் பகுதியிற் பயிராகும் பேகமொட் என்னும் கனி, ஏள் கிறே எனப்படும் தேயிலைக்கு மணமூட்டுவது. கொலோன் நீரின் மணத்திலும் பழைய பங்காளி. புளித்தோடைக்கும் எலுமிச்சைக்கும் பிறந்த கலப்பு அது என்பது இன்று பரம்பரையலகுச் சான்றால் தெளிவாகியுள்ளது. அதன் தோலெண்ணெயில் இலிமோனீன் பாதிக்கும் குறைவு. அங்கே மிகுந்து நிற்பது இலினலயில் அசற்றேற்று. பெற்றாராகிய புளித்தோடை தன் இலையில் வைத்திருந்த மணத்தைப் பிள்ளையாகிய பேகமொட் கனியின் தோலிற் கொண்டிருக்கின்றது. கனியைக் கனியோடு மட்டும் ஒப்பிட்டவனுக்கு இவ்வுறவு புலப்படாது. இலையையும் ஒப்பிட்டவனுக்கே புலப்படும். குடும்பச் சாயலை மூக்கிலும் விழியிலும் தேடிக் காணாது, நடையிற் காண்பது போன்றது இது.

மணத்தோடு நெருங்கிய மற்றொரு சான்று கசப்பு. பம்பளிமாசின் கசப்பிற்குக் காரணமான நறிஞ்சின் என்னும் சேர்வையின் பெயரிலும் நாரங்கமே ஒலிக்கின்றது. நறிஞ்சினும், தோடையிலுள்ள நறிறூற்றின் என்னும் சேர்வையும் ஒரே மூலப்பொருளோடு குளுக்கோசு, றம்னோசு என்னும் இரு வெல்லங்கள் சேர்ந்தமையால் உண்டாவன. வேறுபாடு அவ்விரு வெல்லங்களும் எந்தக் காபன் அணுவிற் பிணைந்துள்ளன என்பதில் மட்டுமே. ஒருவகைப் பிணைப்பு நாவைச் சுளிக்கச்செய்யும், மற்றது சுவையற்றது. 1960 களில் கலிபோர்னியாவின் பசடீனா நகர ஆய்வுகூடத்தில் ஹொறோவிற்சும் ஜென்ரிலியும் இதனைத் தெளிவுபடுத்தினர். கசப்புப் பிணைப்பு பம்பளிமாசிற் காணப்படுவது. மந்தரினிலும் மாதுலுங்கத்திலும் சுவையற்ற பிணைப்பே உண்டு. ஆகவே புளித்தோடையிலும் கிரேப்புரூட்டிலும் கசப்பைக் கண்டவுடன் பம்பளிமாசின் குருதி அங்கே ஓடுகின்றது எனக் கூறலாம். அக்கூற்று மெய்யென்றே பின்னர் நிறுவப்பட்டது. ஆனால் தோடையிலும் பம்பளிமாசின் குருதி உண்டு, கசப்போ இல்லை. அப்பண்பு அதற்கு வந்து சேரவில்லை, அவ்வளவே. உள்ளதைக்கொண்டு உறவென்று கூறலாம். இல்லாமையைக்கொண்டு உறவில்லை என்று கூறலாகாது.

இவ்விதி மறக்கப்பட்டமையால் நேர்ந்த தடுமாற்றத்திற்கு எலுமிச்சையே சிறந்த எடுத்துக்காட்டு. சித்திராலின் மிகுதியால் மாதுலுங்கம் அதன் பெற்றாருள் ஒருவர் என்பதில் ஐயம் எழவில்லை. மற்றவர் யார்? தேசியிலும் சித்திரால் உண்டு; புளிப்பும் உண்டு. எனவே மாதுலுங்கமும் தேசியும் கூடிப் பெற்ற பிள்ளை எலுமிச்சை என்னும் கருத்து நெடுங்காலம் நிலவிற்று. அறியப்படாத மூன்றாவது பெற்றார் ஒருவரையும் சேர்த்துக்கொண்டோர் உளர். புளித்தோடையை எண்ணிப்பார்த்தற்கு எளிதான காரணமொன்று எண்ணெயில் இல்லை. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இலிமோனீனேயாகிய ஒரு மணம், பிள்ளையிடத்தில் எவ்வாறு தன்னைக் காட்டிக்கொள்ளும்? எல்லாரிடத்தும் உள்ளதைத் தந்த பெற்றார், ஒன்றும் தராதவர்போல மறைந்துபோயினர். புளித்தோடையின் கசப்பும் எலுமிச்சைக்கு முறையாக வந்து சேரவில்லை.

இவ்வழக்குத் தீர்ந்தது பரம்பரையலகுப் பொருளைக் கொண்டே. 2000 ஆம் ஆண்டிலே நிக்கலோசியும் உடனாராய்ந்தோரும் வெளியிட்ட முடிவுகளும், பின் வந்த ஆய்வுகளும், எலுமிச்சையின் தாய் புளித்தோடை என்றும் மகரந்தமளித்த தந்தை மாதுலுங்கம் என்றும் காட்டின. பச்சையவுருமணிகளின் பரம்பரைப் பொருள் தாய்வழியே வருவதாகலின், தாய் யார், தந்தை யார் என்றுகூடப் பிரித்தறிதல் இயல்வதாயிற்று. தேசியின் கதையும் தெளிவாயிற்று. அதன் தந்தையும் மாதுலுங்கமே; தாயோ பிலிப்பைன்சு நாட்டுச் சித்திரசு மைக்கிராந்தா என்னும் காட்டினம். ஆகவே எலுமிச்சையும் தேசியும் தாயும் மகவும் அல்ல; ஒரு தந்தைக்கு வேறு வேறு தாயர் வயிற்றிற் பிறந்த மக்கள். அவ்விரண்டிற்கும் பொதுவான அம்மணம் தந்தைவழிச் சொத்து. மணம் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே வற்புறுத்துதல் நன்று. தந்தையைச் சரியாகவே சொல்லிற்று. அதனிடம் கேட்கப்பட்ட மற்றை வினாவிற்கு விடை கூறும் ஆற்றல் அதற்கு இருக்கவில்லை.

2018 இல் 'நேச்சர்' இதழில் ஊவும், தலோன், கிமிற்றர், றொக்சார் முதலியோரும் 60 மரங்களின் முழுப் பரம்பரைத் தொகுதியையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு, இன்றுவரையுள்ள சித்திரங்களுள் முழுமையானது எனலாம். அசாமும் வட மியன்மாரும் மேற்கு யுன்னானும் சந்திக்கும் இமயத்தின் தென்கீழ்ச் சாரல்களில் இச்சாதி தோன்றி, ஏறத்தாழ 60 தொடக்கம் 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் விரைந்து பரந்தது என அது கூறுகின்றது. யுன்னானிற் கண்டெடுக்கப்பட்ட இலைப் புதைபடிவமொன்றும் அக்காலத்துக்கே உரியது. கலப்பற்ற இயற்கையினங்கள் பத்து இருத்தல் அங்கே காட்டப்பட்டது. ஸ்கோராவின் மூன்றும் அப்பத்தினுள் உள்ளன. ஆனால் அவற்றுள் மந்தரின் பற்றிய கருத்துத் திருத்தம் பெற்றது. பயிரிடப்படும் மந்தரின் வகைகள் பலவற்றினுள்ளும் பம்பளிமாசின் துணுக்குகள் கலந்துள்ளன. தூயவை எனக் கருதி ஒப்பீட்டிற்கு வைத்த மரங்களிலேயே கலப்பு இருந்திருக்கின்றது. அளவுகோலே சற்று வளைந்திருந்த நிலையிலும் அன்றைய ஆய்வாளர் இவ்வளவு தூரம் சரியாக அளந்தமை பாராட்டிற்குரியது.

பரம்பரைத் தொகுதியையே நேரிற் படித்தல் இயலுமாயிற்று. இனி மணத்தை ஆராய்வது எதற்கு என்று கேட்போர் உளர். அவ்வினாவிற்குரிய விடை, எவரும் விரும்பாத ஒரு திசையினின்றும் வந்தது. தத்துப்பூச்சியொன்றாற் பரவும் பற்றீரியா நோய் 2005 இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற் கண்டறியப்பட்டது. மரத்தின் உணவுக்குழாய்களை அடைத்துக் கனிகளைப் பச்சையாகவும் கோணலாகவும் உதிரச்செய்யும் அந்நோய்க்கு இன்றும் தக்க மருந்து இல்லை. 2003-2004 பருவத்தில் 242 மில்லியன் பெட்டி தோடை விளைந்த அம்மாநிலத்தில், 2022-2023 பருவத்தில் விளைந்தது 16 மில்லியன் பெட்டிக்குங் குறைவு. புயல்களும் இதற்குத் துணைபோயின. தோடை மரங்கள் யாவும் ஒரே பழங்கலப்பின் பிரதிகளாதலால், ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லவல்லது. ஏடெழுதுவோனின் நேர்மைக்கு விலை இது. நோயைத் தாங்கும் ஆற்றல் மூவிலைத் தோடை போன்ற தூரத்து உறவினரிடம் உண்டு. அவற்றைத் தோடையோடு கலந்தால் மரம் பிழைக்கும். கனியின் மணமோ பெரும்பாலும் கெடும். மூவிலைத் தோடையின் சாறு வாயில் வைக்கத்தக்கதன்று.

இங்கே சட்டமும் குறுக்கிடுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் ஒழுங்குவிதிப்படி தோடைச்சாறு என்னும் பெயர்க்கு உரியது சித்திரசு சினென்சிசு என்னும் இனத்தின் சாறே. பதப்படுத்திய சாற்றில் மந்தரினும் அதன் கலப்புகளும் பத்திலொரு பங்கு வரையே சேரலாம். மரபாற் கலப்பான ஒன்றைத் தூய இனமெனச் சட்டம் காத்துநிற்க, அதனை ஒத்த மணமுடைய புதுக் கலப்புகள் அப்பெயரை இழந்து வெளியே நிற்கின்றன. தோடையைத் தோடையாக்குவது அதன் குலமா, மணமா என்னும் வினா, தாவரவியலாரின் வகுப்பறையை விட்டுத் தோட்டக்காரனின் வாழ்வுக்குள் வந்துவிட்டது. 2024 இல் புளோரிடா ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையொன்று, தோடையின் சுவைமணத்தை மந்தரினினின்றும் வேறுபடுத்துவனவற்றுள் எசுத்தர்ச் சேர்வைகள் முதன்மையானவை என்று காட்டி, அவற்றை ஆக்கும் நொதியத்திற்குரிய பரம்பரையலகு ஒன்றையும் இனங்கண்டது. மூவிலைத் தோடையின் வழிவந்த நாற்றுகளுள் எது தோடையாக மணக்கப்போகின்றது என்பதை, அது பூத்துக் காய்க்குமுன், ஓர் இலைத் துணுக்கைக்கொண்டே அறிய முயல்வோர்க்கு இனி ஒரு தொடக்கம் உண்டு. அந்நாற்றுகள் காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும்; புளோரிடாவின் தோட்டக்காரர் பலர் அதற்குள் தம் நிலங்களை வீடுகட்டுவோர்க்கு விற்று வருகின்றனர்.